அலங்காநல்லூர் குவாரியும் பொட்டு வைத்த ஆணிகளும்

மதுரைப் பக்கம் கல்குவாரிகளைப் பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இரண்டு மாணவர்கள் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். ஆனால் நான் போன கதையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எண்பத்து நான்காம் வருடம், தை முடிந்திருந்த சமயம்.

அப்போது எனக்குப் பாறைக் கணக்குதான் வேலை. பாறை அசையாது என்று நினைப்பீர்கள். அசையும். தன் பாரத்தாலேயே வருடக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நகரும். ஒரு கட்டத்தில் வேகம் பிடித்து உடையும். அந்தக் கட்டம் எப்போது என்பதைச் சமன்பாடுகளாக்கி, அட்டைகளில் துளையிட்டு, சென்னையிலிருந்த கம்ப்யூட்டருக்கு அனுப்புவேன். விடை வர ஒரு வாரம் ஆகும்.

அலங்காநல்லூர் தாண்டி ஒரு குவாரி. அதன் மேல்விளிம்பில் விரிசல். இருபுறமும் ஆணி அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறை அளந்து தபால் கார்டு போடும்படி, அங்கே கல் உடைக்கும் சோலை அண்ணனிடம் சொல்லியிருந்தேன். ஒரு வருடம், ஒரு வாரம்கூடத் தவறவில்லை மனுஷன். கடைசி ஆறு மாதமாக ஒரே எண். விரிசல் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டரும் சொன்னது. அந்த நல்ல சேதியோடுதான் கிளம்பினேன்.

காளவாசலில் ஆறே முக்காலுக்கு டீ. பஸ் நிலையத்தில் ஏழரை வண்டி. ஒன்றரை ரூபாய், ஐம்பது நிமிடம். இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்ததில் நாக்குத் தள்ளிவிட்டது.

போன வருடம் விரல் நுழையாத விரிசலில் விரல் முழுக்கப் போனது. ஆணிகளைப் பார்த்தால், சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்து கிடந்தன. சம்மட்டிக்கு வைப்பதுபோல் வெள்ளிதோறும் அண்ணன் ஆணிகளுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். விரிசல் திறக்கத் திறக்கச் சந்தனம் ஆணிகளின் இடைவெளியை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது; அண்ணன் அந்தப் பூச்சோடு சேர்த்தே அளந்திருக்கிறார்.

"நம்ம உசுரக் காக்குற சாமான் சார், சும்மா விடலாமா?" என்றார்.

சுரண்டி அளந்தால், கார்டில் இருந்ததைவிட ஒன்பது மில்லிமீட்டர் கூடுதல். மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, கீழே இருந்த பதினான்கு பேரையும் அன்றே வெளியேற்றினேன். அதுவரை சரி. அப்புறம்தான் என் படித்த புத்தி வேலை செய்தது. புதுக் கணக்குக்கு இன்னும் மூன்று நாள் அளவு வேண்டும், ஆணியைக் கழுவி அளந்து எழுதுங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு விளாங்குடியில் இருந்த என் அறைக்குத் திரும்பினேன்.

"அம்புட்டுத்தானே? போடுறேன் சார்" என்றார்.

மூன்றாம் நாள் காலை பாறை சரிந்தது. கீழே ஒருவரும் இல்லை. விளிம்பில் அண்ணன் மட்டும் ஸ்கேலோடு இருந்திருக்கிறார்.

மறுநாள் கார்டு வந்தது, பாறை சரிவதற்கு முந்தின சாயங்காலம் அவர் போட்டது. இரண்டு எண்கள், அடியில், 'ஆணி சுத்தமா இருக்கு சார்.' வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். வேகம் பிடித்து உடையும் பாறைக்கான வளைகோட்டின் மேல் இரண்டும் அச்சாக உட்கார்ந்தன.

போகிறவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை கிடையாது. விளிம்புக்கு இருபது அடி முன்னாலேயே நின்றுவிடுங்கள். அளவு வேண்டுமென்றால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீங்களே போங்கள். இன்னொருவரை அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன்.