தராசு நடுங்க நடுங்க எழுதிய கொம்பியூட்டர்

போன கிழமை ஓட்டமாவடியில் ஒரு நெல் ஆலைக்குப் போனேன். போனேன் என்ன, இழுத்துக்கொண்டு போனார்கள். கொம்பியூட்டர் பார்க்கிறவனுக்கு அறுவடைக் காலத்தில் ஓய்வு உண்டா?

வாசலில் நெல்லோடு ட்ராக்டர் வரிசை. மேலே கறுத்த வானம். ஒரு ட்ராக்டரின் எடையை எடுக்க, தராசோடு இணைத்த கொம்பியூட்டர் பத்து நிமிஷம் யோசிக்கிறதாம்!

"கெதியாப் பாரு மனே. நனைஞ்சா என்ட நெல்ல ஈரமெண்டு திருப்பி அனுப்பிருவாங்க. இந்தப் போகத்துக்கு எனக்கு இதுதான்" என்றார், கடைசி ட்ராக்டர் பக்கத்தில் நின்ற ஓர் அக்கா.

கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டேன். தூசி தட்டினேன். பிறகு பெரிய மனிதராக, "மெஷின் பழசு. புதுசு வாங்கணும்" என்றேன்.

"சேர், போன வருஷம் நீங்கதானே இத வாங்கித் தந்தீங்க?" என்றார் ஆலைக் கிளாக்கர் ரமீஸ்.

வேறு வழி? உண்மையான வேலையைத் தொடங்கினேன். புரோகிராம் டிஸ்க்கை எப்படியெல்லாம் தொந்தரவு செய்கிறது என்று ட்ரேஸ் போட்டுப் பார்ப்பது. வழக்கமாக, கொம்பியூட்டர் எழுத வேண்டியதை நினைவில் வைத்திருந்து ஆறுதலாகத்தான் டிஸ்க்கில் எழுதும். சில புரோகிராம்கள் மட்டும், 'இப்பவே எழுது, எழுதி முடியும்வரை அசையமாட்டேன்' என்று அடம்பிடிக்கும். இது ஒரு ட்ராக்டருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடம்பிடித்திருந்தது!

காரணம், போன மாதம் பூட்டிய புதுத் தராசு. ட்ராக்டர் ஏறினால் சின்ன நடுக்கத்தையும் காட்டும். அந்த ஒவ்வொரு நடுக்கத்துக்கும்... 'இப்பவே எழுது!'

"எந்த மடையன் சேர் இந்தப் புரோகிராம எழுதினது?" என்றார் ரமீஸ்.

நான்தான். முன்பொரு நாள் கரண்ட் போய், ஒருவரின் எடை அழிந்து, ஆலையில் கைகலப்பு. அந்தப் பயத்தில் எழுதியது. பயத்தில் போடும் சட்டங்கள் இப்படித்தான் — பயம் போனாலும் அவை போவதில்லை.

ரமீஸிடம் ஒப்புக்கொண்டேன். பாவம், அவருக்கு இருமல் வந்துவிட்டது.

நடுக்கம் நின்றபின் ஒரு தடவை எழுதினால் போதும் என்று மாற்றினேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. அக்காவின் நெல் கூரைக்குள் நுழைந்ததும் மழை கொட்டியது. என்ன பிழை என்று அவர் கேட்டார்; எழுதியவன் யாரென்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"தப்பிச்சன் மனே! ஒருக்கா எழுதினாக் காணுமெண்டு அந்த ஆளுக்கு அப்பவே தெரியாதா?"

"அவன் பயந்தாங்கொள்ளி அக்கா."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு தடவை போதும் என்று தெரிந்தும், இரண்டு தடவை எழுத வைத்துவிட்டுத்தான் வந்தேன்.