கேரம் அரங்கத்துக்கு வெளிச்சம் போட்ட கதையும் அதன் பாடபேதங்களும்

கணினியில் வெளிச்சம் போடுவது என்பது, இல்லாத விளக்கை இல்லாத கூரையில் மாட்டிவிட்டு, அது ஏன் எரியவில்லை என்று உண்மையாகவே கவலைப்படுகிற தொழில்.

கீழே வருபவற்றில் சிலவற்றை நானே பார்த்தேன். மற்றவற்றை எங்கள் ஒளியமைப்புத் தலைவி ஃபிலோமினா சொல்ல, சென்ற கார்த்திகை மாதத்து மழைநாள்களில் கேட்டேன். கேட்ட இடம், ராயபுரத்தில் பழைய கிடங்கொன்றின் மாடியில் இயங்கும் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோ. கல்லூரியில் கதைப்பாடல்களின் பாடபேதங்களை ஒப்பிட்டே ஓய்வு வயதை எட்டியவன் நான். இந்த ஸ்டூடியோவை நடத்தும் சேகர் என்னிடம் படித்தவர். ஒரே காட்சி பல வடிவங்களில் வரும்போது எதில் எந்த விளக்கு மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். செய்து பழகிய வேலைதானே என்று சேர்ந்துகொண்டேன்.

ரெண்டர் இப்போது முடிந்துவிடும் என்று நம்பித் தேநீரை ஆறவிட்டவர்களுக்கு எங்கள் பாடு தெரியும். மற்றவர்களுக்கு ஒரு விளக்கம்: நாம் வைத்த விளக்குகளுக்கு ஏற்பக் கணினி ஒவ்வொரு படமாகக் கணக்கிட்டு வரைவதே ரெண்டர், அதுவரை காத்திருப்பது நம் பங்கு.

எங்களுக்கு வந்தது ஒரு முழுநீளப் படத்தின் ஒரே ஒரு காட்சி. மிகப் பெரிய உள்ளரங்கம், ஆயிரக்கணக்கில் பார்வையாளர்கள், நடுவில் ஒரு பெண் ஆடும் கேரம் இறுதிப் போட்டி. இயக்குநருக்கு இது பிடித்தால் மீதிப் படமும் ராயபுரத்துக்கு வரும். பிடிக்காவிட்டால் ஐதராபாத்துக்குப் போய்விடும். எங்களிடம் வேறு படம் இல்லாததால், வேலை தேடி ஃபிலோமினாவும் அங்கேதான் போகவேண்டும். அவர் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. கிரேனை ஐதராபாத்துக்குக் கொண்டுபோக இயலாது.

எறும்பளவு ஆள்

முதல் நாள் ஃபிலோமினா கேரம் பலகைக்கு நேர் மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டார். படம் கருப்பாக வந்தது. விளக்கின் வலிமையை இரட்டித்தார், கருப்பு. பத்து மடங்காக்கினார், நூறு மடங்காக்கினார். பலகையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை விழுந்ததோடு சரி. மென்பொருளில் பழுது என்றார் சேகர். பார்வையாளர் கூட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்த எண்ணூர் மூர்த்தி, தம் கூட்டத்திலிருந்து ஓர் ஆளை எடுத்துப் பலகையின் பக்கத்தில் நிறுத்தினார். ஆளைக் காணோம். நெருங்கிப் பார்த்தபோது, பலகையின் அடியில் எறும்பளவில் ஒருவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அரங்கத்தைக் கட்டி அனுப்பியவர்கள் சென்டிமீட்டர் கணக்கில் கட்டியிருந்தார்கள். நாங்கள் அதை மீட்டராகத் திறந்துவிட்டோம். எல்லாமே நூறு மடங்கு வளர்ந்துவிட்டது. பாவம், அந்த விளக்கு அவ்வளவு உயரத்திலிருந்து தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருந்தது. மூர்த்தி திரையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னாக்கா, இது கேரம் போர்டா, ஹார்பர் யார்டா?”

எண்ணூர்க் காற்று

பெரிய அரங்கத்தில் விளக்கின் கதிர் கண்ணுக்குத் தெரியவேண்டுமானால், காற்றில் மெல்லிய புகையைக் கலக்கவேண்டும். அந்தப் பொறுப்பு மூர்த்தியிடம் போனது. அவர் கலந்ததும் எதிர்ப்பக்கத்து இருக்கைகள் மறைந்தன. சற்று நேரத்தில் ஆட்டக்காரியும் மறைந்தாள். இயக்குநர் காணொலி அழைப்பில் இதைப் பார்த்துவிட்டு, “போட்டி நடக்குதா, தீயணைப்பு ஒத்திகை நடக்குதா?” என்று கேட்டார்.

மூர்த்தி அளித்த விடைக்கு இரு பாடங்கள் உள்ளன. “குறைச்சிட்றேன் மேடம்” என்று மட்டும் சொன்னதாகச் சேகர் கூறுவார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தவன், நான் கேட்டது இது: “எங்க வூட்டு ஜன்னலைத் தொறந்தா இப்டிதான் கீது மேடம், இத்த நாங்க காத்துன்னுதான் சொல்லுவோம்.”

பொட்டுகள்

கணக்கீட்டைப் பாதியில் நிறுத்தினால் படத்தில் வெள்ளைப் பொட்டுகள் தெறித்து நிற்கும். எங்கள் தொழிலில் அது அழுக்கு. அவசரத்தில் சேகர் அப்படியொரு படத்தை இயக்குநருக்கு அனுப்பிவிட்டார். கூட்டத்துக்குள் ரசிகர்கள் செல்போன் விளக்கைப் பிடித்திருப்பது அழகாக இருக்கிறது, எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள் என்று பதில் வந்தது. முழுக் கணக்கீடு முடிந்ததும் பொட்டுகள் போய்விட்டன. ஃபிலோமினா உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவற்றைத் திரும்ப வைத்தார். என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தேன். “தப்பா வந்தப்ப சும்மா வந்துச்சு சார். அதையே சரியா வெக்கணும்னா இடுப்பு வுட்டுப் போவுது.”

எல்லா முகமும்

மூர்த்தியின் கூட்டத்தில் ஒருவர் சட்டைபோல் இன்னொருவர் சட்டை இருக்காது. ஒருவர் வெற்றிலை மெல்வார். ஒருவர் பிள்ளையைத் தோளில் ஏற்றியிருப்பார். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்று, கடைசி வரிசை முகம்கூடத் தெரியும்படி ஃபிலோமினா கூரையில் வரிசை வரிசையாக விளக்குகளை மாட்டினார். குறை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் ஒரு பெண் தன் வாழ்நாள் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். நான் வெற்றிலை மெல்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும், படம் யாருக்கு என்பதை அன்றே சொல்லிவிடுவதாகவும் இயக்குநர் தெரிவித்தார். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. அழைப்பை முடிக்குமுன் அவர் சொன்னது: “எல்லாரும் நல்லாத் தெரியறாங்க. மொய் எழுதற இடம் மட்டும்தான் காணோம்.”

எம்.கே.பி. நகரில் ஒரு மாலை

மறுநாள் மாலை ஃபிலோமினா என்னையும் அழைத்துக்கொண்டு எம்.கே.பி. நகரில் ஒரு கேரம் கிளப்புக்குப் போனார். தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. தகரக் குடை போட்ட விளக்கு ஒன்று பலகைக்குச் சற்று மேலே தாழத் தொங்கியது. வேறு வெளிச்சம் இல்லை. பலகையில் பட்டுத் திரும்பிய ஒளி, ஆடுகிறவர்களின் தாடையைக் கீழிருந்து தொட்டது. சுற்றி ஆள்கள் நிற்கிறார்கள் என்பது அவர்கள் இருமினால்தான் தெரிந்தது.

சிவப்புக் காயை ஒருவர் குறிவைத்தார். அந்தக் கணத்தில் நான்கு பக்கமிருந்தும் முகங்கள் இருட்டைவிட்டுக் குனிந்து வெளிச்சத்துக்குள் வந்தன. காய் விழுந்ததும், வந்தபடியே பின்வாங்கின. அடுத்த முறை அவர்களோடு ஃபிலோமினாவும் குனிந்தார். அவர் நிழல் நேராகக் காயின்மேல் விழுந்தது. ஆடிக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஸ்ட்ரைக்கரிலிருந்து விரலை எடுக்காமலும் தலையை நிமிர்த்தாமலும் சொன்னார்: “யம்மா, லைட்டு உனக்கில்ல, காய்க்கு. கொஞ்சம் நவுந்துக்கோ.”

வெள்ளிக்கிழமைக்கு முன்னும் பின்னும்

மறுநாள் ஃபிலோமினா கூரை விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்தார். பலகைமேல் ஒரு விளக்கும், தொலைவில் செல்போன் பொட்டுகளும் மட்டும் மிஞ்சின. மூர்த்தி வந்து நின்றார்.

“யக்கா, என் ஜனம் எங்க?”

“கீறாங்க, இருட்டுல.”

“சட்டைப் பட்டன் வரைக்கும் பாத்துப் பாத்து வெச்சேனேக்கா.”

“நல்லாதான் வெச்ச. முன்வரிசை ஆளுங்கள எனக்குக் குனிய வெச்சுக் குடு.”

“குனிஞ்சா பட்டன் தெரியாது.”

“மூஞ்சி தெரியும்ல.”

முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்; ஆனால் ஒவ்வொருவரையும் வெவ்வேறு விதமாகக் குனிய வைத்துக் கொடுத்தார்.

வெள்ளியன்று இயக்குநர் பார்த்த காட்சி இது. இருட்டு. அதன் நடுவே சதுரமாய் ஒரு மரவெளிச்சம். அதன் ஓரத்தில் அந்தப் பெண்ணின் தாடை. பொட்டுகள் எட்டும் உயரத்தைக் கொண்டே அரங்கம் எவ்வளவு பெரிது என்று ஊகிக்க முடியும். அவள் சிவப்பைக் குறிவைக்கிறாள்; முகங்கள் இருட்டிலிருந்து இறங்கி வருகின்றன; காய் விழுகிறது; முகங்கள் போய்விடுகின்றன.

காட்சி முடிந்தது. “இன்னும் விளக்கு சேர்த்துக்கலாம் மேடம்” என்றார் சேகர். “வேணாம் சார்” என்றார் ஃபிலோமினா. குரல் உயரவில்லை. இயக்குநர் மறுபடி போடச் சொன்னார். பார்த்து முடித்ததும், பின்னால் உள்ள இருட்டில் உண்மையில் ஆள்கள் இருக்கிறார்களா, அல்லது வெறுமனே விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். கதவோரம் கைகட்டி நின்ற மூர்த்தி சொன்னார்: “அல்லாரும் கீறாங்க மேடம். குனிய சொன்னா குனிவாங்க.”

பாடபேதக் குறிப்பு

அன்று பகலுணவுக்கு முன்பே மீதிப் படம் எங்களுடையது என்றாகிவிட்டது. ஃபிலோமினா இப்போது அதன் மழைக்காட்சிக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறார். விளக்குகளை அணைத்தது தம் யோசனை என்று சேகர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. கூரை விளக்குகளின் கோப்பு திறக்காமல் போனதால் தானாக நேர்ந்தது என்ற பாடமும் உண்டு. அதைச் சொல்பவர் மூர்த்தி, அதுவும் ஃபிலோமினா காதில் விழும்படி. கிண்டிப் பக்கத்து ஸ்டூடியோக்களில் வழங்கும் பாடத்திலோ, இயக்குநர் பாதியில் எழுந்து போய்விடுகிறார், படம் ஐதராபாத்துக்குப் போகிறது, எங்கள் ஸ்டூடியோவும் இழுத்து மூடப்படுகிறது. இதை எனக்கு விவரமாகச் சொன்னவர், எங்களிடம் வேலை கேட்டு நேர்காணலுக்கு வந்து மாடிப்படியில் காத்திருந்தவர்.