யாரும் பேர் கூப்பிடல

போன செவ்வாய்க்கிழமை காலை, ஊட்டி பெர்ன்ஹில்லிலிருந்து ஒரு போன். சத்யாவின் ஹவுஸ் ஓனர் அம்மா.

"ஏனுங்க, அந்தப் புள்ள ரெண்டு நாளா வெளியவே வரலீங்க. இருமல் சத்தம் மட்டும் கேக்குது. போய்க் கேக்கவும் ஒரு மாதிரியா இருக்குதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

குன்னூரிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன்.

சத்யா ஏழு வயதிலிருந்து இங்கே குன்னூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். வாரம் ஒருநாள் அங்கே இங்கிலீஷ் சொல்லித்தரப் போவேன், அப்படிப் பழக்கம். பதினெட்டு முடிந்தால் வெளியே வந்தாக வேண்டும். சாக்லேட் கடையில் பேக்கிங் வேலை கிடைத்தது. ரூம் பிடித்துக் கொடுத்தது நான்தான். குக்கர், அடுப்பு, கம்பளி... ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

கதவைத் திறந்தவளுக்கு நிற்க முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையிலதானே போன் இருக்கு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டிரிப்ஸ் ஏறும் கையைப் பார்த்தபடி சொன்னாள். "காலைல யாரும் வந்து பேர் கூப்பிடலீங்கக்கா."

முதலில் புரியவில்லை. இல்லத்தில் தினமும் காலை ஆறரைக்கு வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். உடம்பு சரியில்லை என்றால் அப்போதுதான் சொல்ல வேண்டும். மற்ற நேரத்தில் போய் வார்டனைத் தொந்தரவு செய்யக் கூடாது. பதினோரு வருடப் பழக்கம். யாராவது கேட்பார்கள், சொல்லிக்கொள்ளலாம் என்று கம்பளிக்குள் காத்திருந்திருக்கிறாள் — ரெண்டு நாள்!

நாமெல்லாம் தும்மினாலே வீட்டுக்குப் போன் போடுகிறவர்கள். கேட்காமலே சொல்லலாம் என்று நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? யாருமில்லை. வீட்டில் வளர்ந்தோம், தானாக வந்துவிட்டது. அவளுக்கு அடுப்புப் பற்றவைக்கச் சொல்லித் தந்தேன். பேங்க் சலான் எழுதச் சொல்லித் தந்தேன். இதைச் சொல்லித் தரத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று சொன்னேன்: "தினம் ஆறரைக்கு நான் கூப்பிடறேன். ஆனா நான் கூப்பிடாட்டியும் நீ கூப்பிடணும். எந்த நேரமா இருந்தாலும் சரி." தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பதறிப்போய் எடுத்தேன்.

"பெருசா ஒண்ணுமில்லீங்கக்கா... லேசா தலவலி. சொல்லலாமான்னு..."

"சொல்லு" என்றேன்.

ஒருத்திக்குத் தலைவலி என்று கேட்டு நான் சந்தோஷத்தில் அழுதது இதுதான் முதல் தடவை.