உருவி ஏற்றிய ரத்தம்

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஓரிரண்டு வருஷம் இருக்கும். காரைக்காலில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். என் கையில் பிறந்த பிள்ளை சோடை போகாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு கைவேலை. எங்கள் சுரக்குடிப் பக்கத்தில் தொப்புள்கொடியை அறுப்பதற்கு முன் அதைப் பிள்ளைப் பக்கமாக உருவிவிடுவார்கள். கொடியில் நிற்கிற ரத்தம் வீணாகாமல் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான். பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. டாக்டரம்மா இல்லாத பிரசவங்களில் நானாகச் செய்வேன்.

அன்றைக்கு வந்தவள் கப்பல் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். புருஷன் சைகோனில். முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்தமுறை ஆண்பிள்ளை பிறந்தது. இதையாவது கெட்டியாக்கிக் கொடுப்போம் என்று, வழக்கமாக இரண்டு தரம் உருவுகிறவள் ஆறு தரம் உருவினேன்.

மறுநாள் காலையில் பிள்ளை செக்கச்செவேல் என்று இருந்தான். "மாஷா அல்லாஹ்! தொர வீட்டுப் புள்ள தோத்துச்சு போங்க" என்றாள் பெண்ணின் அக்கா, அவர்கள் வழக்கில் லாத்தா. நானும் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன். பத்து மணிக்குள் அந்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகிவிட்டது. பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, கைகால் வெடவெடத்தது. மார்பில் வைத்தால் சப்பவில்லை.

டாக்டரம்மா வந்து குதிகாலில் ஊசியால் குத்தினார். ரத்தம் ஓடவில்லை, புளிக்கரைசல் மாதிரி திரண்டு நின்றது.

"இவ்வளவு கெட்டியா? கொடிய உருவினீங்களா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "ஆமாம்மா. ஆறு தரம்" என்றேன்.

"திட்ட நேரமில்ல. சிரிஞ்சக் கொதிக்க வைங்க."

தொப்புள் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, எடுத்த அளவுக்குச் சலைன் ஏற்ற வேண்டும். ரத்தம் இளகினால்தான் பிள்ளை பிழைப்பான். ஆனால் அக்கா கதவை மறித்துக்கொண்டாள்.

"பச்சப்புள்ள ஒடம்புலேந்து ரத்தம் எடுக்கிறதா? வுட மாட்டேன். ரெண்ட அடக்கம் பண்ணுனது போதும்!"

டாக்டரம்மா விளக்கிச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல, என்மேல்தான்.

"லாத்தா, தப்பு என்னோடது. அளவுக்கு மேல ரத்தத்த ஏத்துனது இந்தக் கைதான். அந்த அதிகத்தத்தான் எறக்கப் போறோம்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அத்தனை நாள் சேர்த்த பேர் அந்த இடத்திலேயே போயிற்று.

கட்டிலில் கிடந்த பெண்தான் முதலில் வாய் திறந்தாள். "எடுக்கட்டும் லாத்தா."

அக்கா வழிவிட்டாள். "நீங்களே கூட நின்னு எறக்குங்க. எதாச்சும் ஆச்சுன்னா அல்லாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

டாக்டரம்மா எடுத்தார், நான் அளவை உரக்கச் சொன்னேன். பத்து மில்லி வெளியே, பத்து மில்லி உள்ளே. முதல் தடவை ரத்தம் சிரிஞ்சில் ஏறவே அடம்பிடித்தது. நான்காவது தடவை தடையில்லாமல் வந்தது. ஐந்தாவதோடு நிறுத்தினோம். கொஞ்சங்கொஞ்சமாக வெடவெடப்பு அடங்கியது, மூச்சு நிதானப்பட்டது. ஆனாலும் எனக்குப் பயம் தெளியவில்லை.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், பிள்ளையைத் தாயின் மார்பில் வைத்தேன். ஒரு நிமிஷம் சும்மா கிடந்தான். பிறகு லபக்கென்று கவ்வினான்.

"யா அல்லா! வலிக்குதுங்க!" என்று அலறினாள் அவள்.

"வலிக்கட்டும்டி! நல்லா கத்து!" என்று நானும் அலறினேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தான்.