தாலியை ஒளிக்க விடாத காதர் நானா

போன கிழமை எங்கள் நெடுங்கேணியில் ஒருவர், மகனின் கலியாணத்துக்குச் சென்னை போக வழி கேட்டு என்னிடம் வந்தார். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கும் காதர் நானாவைக் கேளுங்கள் என்று வழக்கம்போல பஸ் ஏற்றிவிட்டேன். பின்னேரம் அவர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். நானா முதல் நாளே மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டதாம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானாவிடம் புடவை வாங்காதவர்கள்கூட வழி கேட்டிருப்பீர்கள். சரக்கெடுக்கப் போய்ப் போய்ச் சென்னைத் தெருவெல்லாம் அவருக்குப் பழக்கம். சென்னையில் வேலை பார்த்த என் தம்பிக்கு அங்கேயே கலியாணம் நிச்சயமானபோது, வவுனியாவுக்கு அப்பால் காணாத பதினேழு பேர் புறப்பட்டோம். நானா ஒரு பில் தாளின் இரண்டு பக்கமும் எழுதித் தந்தார். தனுஷ்கோடிக்குப் போகும் கப்பலில் நடுவே இருந்தால் தலை சுற்றாது. எழும்பூரில் இறங்கினால் வழியை மூன்று பேரிடம் கேட்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி கேட்டு மானத்தை வாங்கக் கூடாது. வாயாலும் ஒன்று சொன்னார். “மதவாச்சியிலை ரெயில் மாறேக்கை பெட்டியளை எண்ணாதேங்கோ, ஆக்களை எண்ணுங்கோ.”

எங்கள் பயமெல்லாம் தாலிக்கொடியைப் பற்றித்தான். மாப்பிள்ளை வீட்டாரான நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பதினொரு பவுண். தனுஷ்கோடிச் சுங்கத்தில் பிடித்து வைத்தால் முகூர்த்தம் போய்விடும். தலையணைக்குள் வைத்துத் தைப்போம் என்றார் அம்மா. அரிசிமா இருக்கும் தகரப் பேணிக்குள் புதைக்கலாம் என்றார் சித்தப்பா. இதைக் கேட்ட நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

“உங்கடை தாலியை நீங்களே ஒளிச்சா, அவன் களவெண்டுதானே நினைப்பான்? தட்டத்திலை வையுங்கோ. தங்கச்சி முன்னுக்குக் கொண்டு போகட்டும்.”

தங்கச்சி என்றது என்னைத்தான். தனுஷ்கோடியில் இறங்கியதும் தட்டத்தில் தேங்காய், வெற்றிலை, கூறைச்சேலை, அதன்மேல் தாலிக்கொடி. நான் முன்னால் நடந்தேன். பக்கத்து மேசையில் யாரோ ஒருவருடைய மாப்பேணியை அப்போதுதான் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு என் பின்னால் நெருங்கி வந்தார்.

அதிகாரி தட்டத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பட்டும் பூவுமாக நின்ற பதினாறு பேரையும் பார்த்தார். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். அழைப்பிதழை நீட்டினேன். தாலியில் அவர் கை வைக்கவேயில்லை. அதை என் கையாலேயே தூக்கிக் காட்டச் சொல்லி, சுங்கப் படிவத்தை எழுதி முடித்து, எழுந்து நின்று வழி விட்டார். கலியாணம் அங்கேயே தொடங்கிவிட்டதுபோல நாங்கள் வெளியே நடந்தோம். அந்த நடையை நான் இன்னும் மறக்கவில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே தாலி கலியாண வீடு போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்து நன்றி சொல்லப் போனால் நானா கேட்டது ஒன்றுதான். “ஆரும் சொதி கேட்டவையோ?” சித்தப்பா கேட்டார் என்றேன். கடை அதிரச் சிரித்தார்.

அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வழி கேட்டு வந்தவர் நேற்றுத் திரும்பவும் வந்தார். தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு, போகும்போது குரலைத் தாழ்த்தினார்.

“தாலிக்கொடியை எங்கை ஒளிக்கிறது, அக்கா?”

எனக்கும் நானாவின் கோபம் அப்படியே வந்தது.

“ஒளிக்கிறதோ? முதல்லை தட்டத்தை எடுங்கோ.”