விண்ணப்பத்தில் நான் மாற்றிய வரிசை

சென்ற ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வின் முடிவு வந்திருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று பன்னிரண்டு விருப்பங்களை வரிசைப்படுத்தி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் விலங்கு மருத்துவ உதவியாளர் படிப்பை அவள் முதலில் போட்டிருந்தாள்.

"நாய்க்கு ஊசி போடவா இத்தனை டியூஷன்?" என்றார் அவள் அப்பா.

"உங்களுக்குப் போட மாட்டேன்பா, பயப்படாதீங்க லா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூனியர் காலேஜ், பிறகு பல்கலைக்கழகம் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். விண்ணப்பிக்கக் கடைசி நாளில் அவள் குளிக்கப் போனபோது, அவள் கைப்பேசியை எடுத்து வரிசையை மாற்றினேன். உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சலையும் அழித்தேன். ஐந்து நிமிட வேலை.

ஜூனியர் காலேஜில் இடம் என்று செய்தி வந்தது.

"பாலிடெக்னிக்குக்கு என் மார்க் பத்தலையாம்மா? அப்பீல் பண்ணிப் பார்க்கவா?"

"இந்த வருஷம் போட்டி ஜாஸ்தியா இருந்திருக்கும். கிடைச்சதைப் படி" என்றேன்.

ஏப்ரலில் ஒரு நாள், சிராங்கூன் சாலையில் என் அலுவலகத்தில் இருந்தபோது கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். ஒன்பது நாளாக அவள் வரவில்லையாம். தினமும் சீருடை போட்டு விடியுமுன் கிளம்புகிறவள்! அழைத்தேன், எடுக்கவில்லை. குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் செயலியைத் திறந்தேன். அவளைக் குறிக்கும் புள்ளி ரயில் பாதையில் ஒரு கோடிக்குப் போய், திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்தப் பாதையில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த லிட்டில் இந்தியா நிலையத்துக்கு ஓடினேன். வந்த ஒவ்வொரு ரயிலையும் பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். நான்காவது ரயிலில், கடைசிப் பெட்டியில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கிளாஸ்ல ஒண்ணும் புரியலம்மா. பாலிக்கும் மார்க் பத்தல. நான் ஸ்டுபிட். நான் இல்லாட்டி உங்களுக்கும் ஈசிதானே?"

அழாமல்தான் சொன்னாள். சுற்றிலும் ஆட்கள் இருக்க, அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"இவ்ளோ நாள் சொல்லலையே" என்று மட்டும் சொன்னாள். எழுந்து, அடுத்த பெட்டிக்குப் போய் நின்றுகொண்டாள்.

பிறகு அந்தக் கல்லூரியை விட்டாள். பல மாதங்கள் மனநல ஆலோசகரிடம் போனாள். இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்ததில் அவள் கேட்ட படிப்பே கிடைத்திருக்கிறது. அவள் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வரிசையை மாற்றியதற்குப் பயம் என்று ஏதோ ஒரு காரணமாவது சொல்வேன். தனக்கு அறிவு போதாது என்று என் பெண் தினமும் நம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாதம் வாய் திறக்காமல் இருந்தேனே, அதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு காரணமும் இல்லை.