படிக்கட்டில் ஒரு பவனி

போன வியாழக்கிழமை எங்கள் பிளாட்டின் லிஃப்ட் மறுபடி ஓடத் தொடங்கியது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? மேல்மாடிக்காரர் எல்லோரும் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள்... வாசலில் கூடி நின்றவர்களின் முகத்தில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த ரீவி நாடகம் திடீரென்று முடிந்துவிட்ட மாதிரி ஓர் ஏமாற்றம். உன் முகத்திலும் அதுதான் என்றார் என்னவர். தன் முகத்தை அவர் பார்க்கவில்லை, பாவம்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் கட்டடம். நாங்கள் இரண்டாம் மாடி. ஐந்தாம் மாடியில் ஸ்டெல்லா அக்கா. கணவர் தவறிவிட்டார், ஒரே மகன் கனடாவில். பிறந்து வளர்ந்து, வேலை பார்த்து, பென்ஷன் எடுத்ததெல்லாம் நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில். மகன் வாங்கிக் கொடுத்த பிளாட் என்பதால் இங்கே வந்தாரே தவிர, மனம் இன்னும் அந்தக் கொட்டாஞ்சேனை மாதா கோயிலில்தான். அங்கே பாடற்குழுவை நடத்தியவர். கல்யாணமோ, திருவிழாவோ, செத்தவீடோ, எது நடந்தாலும் அவருடைய குரல் இல்லாமல் நடந்ததில்லை.

இப்போது அவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு தரம் டயாலிசிஸுக்குப் போயே ஆக வேண்டும். ஒருதரம் விட்டாலே கால் வீங்கி மூச்சு முட்டும். முழங்காலும் சரியில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் லிஃப்ட் படுத்தது.

ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும்? வரும்போது வரும். கமிட்டி கூடியது. தலைவர் என்னவர்தான். பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். லிஃப்ட் பழுதானதற்கு யார் காரணம் என்பதில் மட்டும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள் — கூட்டத்துக்கு வராதவர்.

ஸ்டெல்லா அக்காவை எப்படி இறக்குவது? அம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இந்தப் படிக்கட்டின் வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று போய்விட்டார்கள். என்னவரும் மூன்றாம் மாடி இஞ்சினியரும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்தார்கள். அரை மாடிகூட இறங்கியிருக்க மாட்டார்கள். கதிரையின் கால் மடங்கியது. என்னவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஸ்டெல்லா அக்கா படியில் உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்!

அன்று அவர் படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினார். திரும்பி ஏறி முடிந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை எனக்கு. அவர் யாரிடமும் உதவி கேட்கிற ஆள் இல்லை. அவருடைய போனை வாங்கி, கோயில் ஆட்களில் யாருக்கு எடுக்கலாம் என்று கேட்டேன். அழுத்திக் கேட்டபோதுதான், "அன்ரனுக்கு எடும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இனி அன்ரனையும் அவருடைய ஆட்களையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோயிலில் எத்தனையோ சபைகள். நோயாளிகளைப் பார்க்கப் போகிற சபை, பீடம் அலங்கரிக்கிற சபை, ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிற சபை... அன்ரனின் சபைக்கும் நீளமாக ஒரு பெயர் இருக்கிறதாம். ஆனால் கொட்டாஞ்சேனையில் எல்லோரும் சொல்வது 'தோள் சபை'. திருவிழாவில் மாதாவின் சொரூபத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் பவனி வருவது இவர்கள்தான். கோயில் பங்கு மக்களில் யாராவது செத்தால் பெட்டியைச் சுமப்பதும் இவர்கள்தான். அன்ரன் துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் கொம்பனியில் வேலை செய்கிறார். ரொமேஷ் வங்கி உத்தியோகத்தர், பனை மாதிரி உயரம். ஒருவர் ஓட்டோ ஓடுகிறார், இன்னொருவர் டியூஷன் மாஸ்டர்.

நான் போன் பண்ணிய அடுத்த டயாலிசிஸ் நாள் காலையில் நாலு பேரும் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு பலகைத் தட்டு, இரண்டு பக்கமும் நீளத் தடி. சின்னச் சொரூபத்தைச் சுமக்கிற தட்டாம் அது. அதில் ஒரு கதிரையை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா பார்த்துவிட்டு, இதில் ஏற எனக்கு என்ன தகுதி என்று தயங்கினார். பங்குச் சுவாமியிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தோம் என்றார் அன்ரன். அதற்குப் பிறகு தயங்க இடமில்லை.

உயரமான இருவரும் முன்னால், அதாவது கீழ்ப்படியில். கட்டையான இருவரும் பின்னால். அப்போதுதான் தட்டு சரியாமல் மட்டமாக நிற்கும். தடியில் விரல் முட்டியால் அன்ரன் ஒரு தட்டுத் தட்டினால் தூக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிற்க வேண்டும். 'பிடி', 'விடு', 'மெதுவா' என்ற கத்தல் ஒன்றும் இல்லை. சுமை தோளில் இருக்கும்போது கதைக்கக் கூடாது. வாய் திறந்தால் செபத்துக்கு மட்டும்தான். அது அவர்களுடைய வழக்கம்.

அந்த வழக்கம்தான் அன்று மானத்தை வாங்கியது.

நான் பின்னால் மருந்துப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாடி இறங்கியாயிற்று. சத்தமே இல்லை. நாலு பேரின் மூச்சு மட்டும் கேட்கிறது. அப்போது ரொமேஷ் கணீரென்று செபத்தைத் தொடங்கினார். மற்ற மூவரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

நான் சைவக்காரிதான், ஆனால் கத்தோலிக்கச் சினேகிதர்களின் செத்தவீடுகளுக்குப் போய்ப் போய் அந்தச் செபம் எனக்குத் தெரியும். பெட்டி எடுக்கும்போது சொல்வது அது. செத்தவரின் ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்று கேட்பது!

வேணுமென்றா செய்தார்கள்? யோசித்துப் பாருங்கள். சொரூபம் எப்போதும் தெருவிலேதான் வரும். மாடிப்படி ஏறி இறங்காது. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இவர்கள் படியில் சுமந்ததெல்லாம் சவப்பெட்டிதான். தோளில் பாரம், காலடியில் படி — வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது.

பிழை விளங்கியதும் நாலு பேரின் கழுத்தும் சிவந்தது. தொடங்கிய செபத்தை நிறுத்தவும் முடியாது, சுமையை இறக்கவும் முடியாது. நான் ஸ்டெல்லா அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

தட்டின் மேலேயிருந்து, பாடற்குழுவைத் திருத்துகிற தோரணையில், குரல் வந்தது.

"ரொமேஷ், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்ப செபமாலையைத் தொடங்கு."

தட்டு ஆடத் தொடங்கியது. நாலு பேரும் சிரிப்பை அடக்குகிற ஆட்டம். அன்ரன் தடியில் இரண்டு தட்டுத் தட்டினார். நின்றார்கள், சிரித்து முடித்தார்கள், பிறகு ஒரு தட்டு. செபமாலை தொடங்கியது. ஒவ்வொரு செபத்திலும் ரொமேஷ் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்ல, ஸ்டெல்லா அக்கா உதட்டை மட்டும் அசைக்க, கீழே போய்ச் சேர்ந்தோம். நோய் வந்த பிறகு அவர் குரலை உயர்த்தியதில்லை. அதற்கு மூச்சு இல்லை என்பார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் எங்கள் படிக்கட்டில் பவனிதான். ஒருவருக்கு லீவு கிடைக்காவிட்டால் இன்னொருவர் வருவார். தோள் மட்டும் குறைந்ததில்லை. போகும்போது இறக்கி, வந்ததும் ஏற்றி... ஏற்றம் எப்படி என்று நினைக்கிறீர்கள்? சேர்ட் பிழிகிற மாதிரி இருக்கும். முதல் மாடி முஸ்லிம் வீட்டிலிருந்து ஒவ்வொரு தரமும் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் வரும். இந்த நேரத்துக்குக் கதவைத் திறந்து வைப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

இவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை, சொல்லிவிடுகிறேன். எங்கள் பார்க்கிங்கில் வானைக் குறுக்கே விட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பார்கள். திருவிழாவில் முன்தடி யாருக்கு என்பதில் டியூஷன் மாஸ்டருக்கும் ஓட்டோக்காரருக்கும் தீராத வழக்கு. ஒருவருடைய தோள் பஞ்சணையை இன்னொருவர் எடுத்துவிட்டார் என்று எங்கள் வாசலிலேயே முறைத்துக்கொண்டார்கள். ஆனால் அன்ரனின் விரல் தடியில் பட்டதும் எல்லாம் மறந்துபோகும்.

நம்முடைய வெள்ளவத்தையில் சங்கங்களுக்கா பஞ்சம்? பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், நலன்புரிச் சபை... நானும் இரண்டில் இருக்கிறேன். பொன்னாடை இல்லாமல் எங்களுக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது. தோள் சபையின் படம் ஒன்றை இந்தப் பத்திக்குக் கேட்டேன். அன்ரனிடம் இல்லை. எடுக்கலாம் என்றால் எல்லோருடைய இரண்டு கையும் தடியில் இருக்கிறதே, யார் எடுப்பது என்றார்.

பாகம் வரவில்லை. வாரங்கள் போயின.

ஒரு நாள் காலை மருந்துப் பையை எடுக்க மேலே போனேன். ஸ்டெல்லா அக்கா வெளியே போக உடுத்தாமல், சீப்பால் தலை இழுக்காமல் கட்டிலில் இருந்தார்.

"நான் இனிப் போகேல்லை," என்றார். "மகனுக்கும் சொல்லிப்போட்டன். கிட்னி வருத்தம் என்ர. அதுக்கு நாலு குடும்பத்துப் பிள்ளையளின்ர முதுகை முறிக்கிறதே? ஆரின்ரையோ தோளில இருந்துகொண்டு எவ்வளவு காலத்துக்குச் சீவிக்கிறது?"

நான் என்னென்னவோ சொன்னேன். கோபித்தேன். கெஞ்சினேன். அழுதும் பார்த்தேன். அவர் அசையவில்லை. போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வாரம், மிஞ்சினால்... அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

அன்ரன் ஆட்களோடு மேலே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. முதலில் தேத்தண்ணி கேட்டார். நாலு பேரும் சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து குடித்தார்கள். ஸ்டெல்லா அக்கா கட்டிலறையிலிருந்து, எல்லோரும் வேலைக்குப் போங்கள் என்றார்.

அன்ரன் கோப்பையை வைத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றார்.

"அன்ரி, அந்தத் திருவிழா மழை ஞாபகம் இருக்கா?"

பவனி பாதி வழியில் இருக்கும்போது கொட்டிய மழையாம் அது. வந்த சனம் எல்லாம் கடைத் தாழ்வாரங்களுக்கு ஓடிவிட்டது. தோள் சபைக்கு மட்டும் ஓட வழியில்லை. சொரூபத்தை ஒருதரம் தோளில் ஏற்றினால், கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்வரை இடையில் நிலத்தில் வைக்கிற வழக்கம் இல்லை. நடுத்தெருவில் நனைந்துகொண்டு நின்றார்களாம்.

"நாங்கள் நிண்டது வழக்கத்துக்கு," என்றார் அன்ரன். "நீங்கள் ஏன் நிண்டனீங்கள்? பாட்டுக்காரர் எல்லாரும் ஓடிட்டினம். நீங்கள் ஒரு ஆள் மழைக்குள்ள நிண்டு, விடும்வரைக்கும் பாடினீங்கள். உங்களை ஆர் நிக்கச் சொன்னது?"

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

"நீங்கள் பாரத்தோட நிக்கேக்க, நான் எப்பிடி விட்டிட்டுப் போறது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதுதான் நானும் சொல்றன், அன்ரி. தோளில வைச்சாச்சு. இனிக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவரைக்கும் இறக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை."

நான் குசினிக்குள் போய்விட்டேன். முகம் கழுவ வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது ஸ்டெல்லா அக்கா உடுத்துக்கொண்டு, சீப்பு எங்கே என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கினேன் தெரியுமா?

சரி, போன வியாழக்கிழமைக்கு வருவோம்.

லிஃப்ட் தயார். லிஃப்ட் ஓடும், வரத் தேவையில்லை என்று அன்ரனுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். அப்படியிருந்தும் நாலு பேரும் வந்து நின்றார்கள், தட்டோடு! லிஃப்ட் நடுவில் நின்றால் என்ன செய்வது என்று காரணம் சொன்னார்கள். என்னவரின் கமிட்டி மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஸ்டெல்லா அக்காவும் நானும் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடும்போது பார்த்தேன். நாலு பேரும் ஐந்தாம் மாடியில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஸ்டெல்லா அக்கா கூரையைப் பார்த்தார். பிறகு ஒரு மூச்சு இழுத்து, செபமாலையின் முன்பாதியைத் தொடங்கினார்... முழுக் குரலில்! அந்தக் குரலை நான் முதல்முறையாகக் கேட்கிறேன். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்?

பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சப்பாத்துச் சத்தம். படிகளில் யாரோ ஓடி இறங்குகிறார்கள். அதன் நடுவே, மூச்சிரைக்க, நாலு ஆம்பிளைக் குரலில் பின்பாதி வந்தது.

நாலாம் மாடி. அவர் சொன்னார், சுவருக்கு வெளியே பதில் வந்தது. மூன்றாம் மாடி. கதவு திறக்கிற சத்தம், பதில். இரண்டாம் மாடியில் பதில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஒரு குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எங்கள் கமிட்டித் தலைவர்! இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார்.

முதல் மாடி தாண்டும்போது நானும் பின்பாதியைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. முருகன் கோயிலில் நின்று விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை.